உபுண்டு 10.04-இல் டிஸ்க் பர்ன் ஆகவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

உபுண்டுவின் டிஸ்க் எழுதும் நிரலான பிராசெரோவில் பர்ன் பொத்தானை அழுத்துகிறீர்கள். கொஞ்ச நேரம் டிரைவ் சுற்றுகிறது. பிறகு "எழுதும்போது பிழை ஏற்பட்டது" என்று ஒரு பெட்டி வருகிறது, காரணம் எதுவும் இல்லை. பெரும்பாலோர் உடனே அடுத்த வெற்று டிஸ்கைப் போடுவார்கள். அதுவும் வீணானால் டிரைவ் போய்விட்டது என்று முடிவுகட்டுவார்கள். இரண்டுமே அவசரம். எந்தக் கட்டத்தில் நின்றது, பின்னால் ஓடிய நிரல் கடைசியாக என்ன சொன்னது என்ற இரண்டையும் பார்த்துவிட்டால் பெரும்பாலான கோளாறுகளை டிரைவைக் கழற்றாமலே சரிசெய்யலாம்.

பிராசெரோவும் கே3பியும் வெறும் முகப்புகள்தான். சிடியில் எழுதும் வேலையை வோடிம் செய்கிறது, டிவிடியில் எழுதும் வேலையைக் குரோஐஎஸ்ஓஎஃப்எஸ் செய்கிறது, கோப்புகளை ஐஎஸ்ஓ படமாக, அதாவது முழு டிஸ்கின் உள்ளடக்கத்தையும் கொண்ட ஒரே கோப்பாகக் கட்டுவது ஜெனிஸோஇமேஜ். பழைய கட்டுரைகளில் சிடிரெக்கார்ட், எம்கேஐஎஸ்ஓஎஃப்எஸ் என்று இருந்தால் குழம்ப வேண்டாம். 2006-இல் அந்தத் தொகுப்பின் உரிமம் மாறியதால் டெபியன் அதிலிருந்து கிளை பிரித்து உருவாக்கியவைதான் வோடிமும் ஜெனிஸோஇமேஜும். உபுண்டு அவற்றையே எடுத்துக்கொண்டது.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டவும். வோடிம் என்பது டபிள்யூ, ஓ, டி, ஐ, எம். குரோஐஎஸ்ஓஎஃப்எஸ் என்பதில் வளர்வதைக் குறிக்கும் "குரோ" என்ற ஆங்கிலச் சொல்லோடு ஐ, எஸ், ஓ, எஃப், எஸ் இடைவெளியின்றி ஒட்டி வரும்.

முதலில் கருவிகள் கையில் இருக்க வேண்டும். 10.04-இன் டெஸ்க்டாப் ஆதரவு 2013 மே மாதத்திலும் சர்வர் ஆதரவு 2015 ஏப்ரலிலும் முடிந்துவிட்டன. அதனால் ஆப்ட்-கெட் அப்டேட் கொடுத்தால் 404 என்று வரிசையாகப் பிழை வரும். /இடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட் கோப்பைத் திறந்து, ஆர்க்கைவ்.உபுண்டு.காம், செக்யூரிட்டி.உபுண்டு.காம் என்று வரும் இடங்களையெல்லாம் ஓல்டு-ரிலீசஸ்.உபுண்டு.காம் என்று மாற்றுங்கள். ஆர்க்கைவுக்கு முன்னால் நாட்டுக்குறி இருந்தால் அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிறகு அப்டேட் கொடுத்து வோடிம், ஜெனிஸோஇமேஜ், டிவிடி+ஆர்டபிள்யூ-டூல்ஸ் ஆகிய மூன்று பொதிகளையும் நிறுவுங்கள்.

டிரைவே தெரியவில்லை

வோடிம் --டிவைசஸ் என்று கொடுத்துப் பாருங்கள். டிரைவின் பெயரும் /டெவ்/எஸ்ஆர்0 என்ற முகவரியும் வந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். 8.04 என்றால் எஸ்சிடி0 என்று வரும், இரண்டும் ஒன்றுதான்.

எதுவும் வரவில்லையென்றால் கணினியை மீண்டும் தொடங்கி பயாஸ் திரையில் டிரைவ் பட்டியலாகிறதா என்று பாருங்கள். பயாஸிலேயே இல்லையென்றால் இயங்குதளத்தில் தேடிப் பயனில்லை. பவர் வயர், டேட்டா கேபிள், ஐடிஇ டிரைவ் என்றால் பின்பக்க ஜம்பர், இந்த மூன்றும்தான் காரணம். ஒரே கேபிளில் இரண்டு சாதனம் மாட்டி இரண்டிலும் ஜம்பர் மாஸ்டரில் இருந்தால் ஒன்று காணாமல் போகும், சில நேரம் இரண்டுமே போகும்.

பயாஸில் தெரிந்து உபுண்டுவில் தெரியவில்லையென்றால், உபுண்டுவைத் தொடங்கிவைக்கும் நிரலான கிரப்பின் வரியைப் பாருங்கள். ஹெச்டிசி=ஐடிஇ-ஸ்கசி என்று யாரோ எப்போதோ சேர்த்திருக்கலாம். அது 2.4 கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) காலத்து வழக்கம். ஐடிஇ ரைட்டரை ஸ்கசி சாதனம்போலக் காட்ட அன்று அது தேவைப்பட்டது. 10.04-இன் கர்னல் 2.6.32, அதற்கு இது வேண்டாம், நீக்கிவிடுங்கள். அதே காலத்துக் கட்டுரைகளில் வரும் டெவ்=0,0,0 போன்ற மூன்று எண் முகவரியையும் விட்டுவிட்டு நேராக டெவ்=/டெவ்/எஸ்ஆர்0 என்றே கொடுங்கள்.

"அனுமதி இல்லை" என்கிறது

எல்எஸ் -எல் /டெவ்/எஸ்ஆர்0 கொடுத்தால் ஒரு வரி வரும். அதில் உரிமையாளர் ரூட், குழு சிடிராம் என்று இருக்கும். அனுமதி எழுத்துகளின் கடைசியில் ஒரு கூட்டல் குறி இருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள். திரையில் நேராக உள்நுழைந்த பயனருக்கு 10.04 தானாகக் கொடுக்கும் கூடுதல் அனுமதியின் அடையாளம் அது. எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து நுழைந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. அப்போது பயனரை சிடிராம் குழுவில் சேர்க்க வேண்டும்: சூடோ ஆட்யூசர் என்பதோடு உங்கள் பயனர் பெயர், பிறகு சிடிராம். சேர்த்ததும் வெளியேறி மீண்டும் நுழையுங்கள். நுழையாமலே "சேர்த்தும் வேலை செய்யவில்லை" என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

குரோஐஎஸ்ஓஎஃப்எஸ்ஸைச் சூடோவோடு ஓட்டினால் அது வேண்டுமென்றே மறுத்து நின்றுவிடும். இது பாதுகாப்புக்காக வைத்தது, பழுது அல்ல. சாதாரணப் பயனராகவே ஓட்டுங்கள்.

வோடிம் தொடங்கும்போது மெம்லாக் என்ற சொல்லோடு ஓர் எச்சரிக்கை வரும். நினைவகத்தைப் பூட்டிவைக்க அனுமதி இல்லை என்கிறது. பர்ன் தொடர்ந்தால் அதைக் கண்டுகொள்ள வேண்டாம். ஆனால் குரோஐஎஸ்ஓஎஃப்எஸ் எம்மேப் என்ற சொல்லோடு நின்றே போனால் விஷயம் வேறு. அது எழுதப்போகும் தரவைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்க 32 எம்பி வளைய பஃபர் ஒன்றைப் பூட்டிவைக்கப் பார்க்கிறது, பயனருக்கு அவ்வளவு வரம்பு இல்லை. /இடிசி/செக்யூரிட்டி/லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் அந்தப் பயனருக்கு மெம்லாக் வரம்பை அன்லிமிடெட் ஆக்கி மறுபடி உள்நுழைந்தால் தீரும்.

வெற்று டிஸ்க் போட்டும் "எழுதத்தக்க டிஸ்கைப் போடவும்" என்கிறது

டிவிடி+ஆர்டபிள்யூ-மீடியாஇன்ஃபோ /டெவ்/எஸ்ஆர்0 என்று கொடுங்கள். சிடி என்றால் வோடிம் -ஏடிஐபி, அது வெற்று டிஸ்கிலேயே பதிந்திருக்கும் விவரத்தைக் காட்டும். டிவிடிக்கு வரும் பட்டியலில் மூன்று வரிகள் போதும்: எந்த வகை டிஸ்க், அதன் நிலை வெற்றா நிறைந்ததா, எத்தனை பிளாக் காலி.

வகை வரியில் டிவிடி-ராம் (ஆர், ஓ, எம்; படிக்க மட்டும்) என்று வந்தால், எழுதி மூடிய டிஸ்க்காக இருக்கலாம் அல்லது டிரைவுக்கு எழுதத் தெரியாத வகையாக இருக்கலாம். முதல் தலைமுறை டிவிடி ரைட்டர்கள் சில மைனஸ் வகையை மட்டும், சில பிளஸ் வகையை மட்டும் எழுதும். டிரைவின் முன்பக்கத்து முத்திரைகளைப் பாருங்கள். இரட்டை அடுக்கு டிஸ்குக்கு டிஎல் முத்திரை தேவை.

சிடி-ஆர்டபிள்யூவில் இன்னொரு பொறி உண்டு. அவை வேகப்படி வெவ்வேறு வகைகள். அல்ட்ரா ஸ்பீடு முத்திரையுள்ள டிஸ்கை 4 மடங்கு மட்டும் எழுதும் பழைய டிரைவில் போட்டால் படிக்கும், எழுதாது. வேகத்தைக் குறைத்துக் கொடுத்தாலும் எழுதாது. அந்த டிரைவுக்கு ஏற்ற டிஸ்கைத்தான் தேட வேண்டும்.

மறு எழுது டிஸ்குகளை அழிக்கும் முறையும் வகைக்கு வகை மாறும். சிடி-ஆர்டபிள்யூவுக்கு வோடிம் பிளாங்க்=ஃபாஸ்ட், அது தவறினால் பிளாங்க்=ஆல். டிவிடி+ஆர்டபிள்யூவை அழிக்கவே வேண்டாம், மேலே நேராக எழுதலாம். டிவிடி-ஆர்டபிள்யூதான் சிக்கல்காரன். அதை விரைவு முறையில் அழித்தால் முழு டிஸ்கையும் ஒரே மூச்சில் எழுதும் டிஏஓ முறையை மட்டும் ஏற்கும், துண்டு துண்டாக எழுதப் போனால் மறுக்கும். அப்போது குரோஐஎஸ்ஓஎஃப்எஸ் எஸ்கே=5, ஏஎஸ்சி=64 என்ற பிழை எண்களைக் (பொருள் கீழே வரும்) காட்டி, -டிவிடி-காம்பாட் என்பதை இரண்டு முறை கொடுத்து ஓட்டச் சொல்லும், அல்லது முழுதாக அழிக்கச் சொல்லும். முழு அழிப்புக்கு டிவிடி+ஆர்டபிள்யூ-ஃபார்மட் -பிளாங்க்=ஃபுல். 1 மடங்கு வேக டிஸ்கில் இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். நின்றுவிட்டது என்று எண்ணி நடுவில் நிறுத்தாதீர்கள்.

"இடம் போதாது" என்கிறது

டிஸ்க் உறையில் இருக்கும் எண்ணை நம்பாமல் பைட்டில் கணக்குப் பாருங்கள். எல்எஸ் -எல் கொடுத்தால் ஐஎஸ்ஓ கோப்பின் பைட் அளவு வரும்.

80 நிமிட சிடி-ஆரில் ஏடிஐபி பெரும்பாலும் 79:59:74 என்று காட்டும். அதாவது 3,59,849 செக்டார். ஒரு செக்டாருக்கு 2048 பைட், ஆக 73,69,70,752 பைட். டிவிடி-ஆர் கொள்வது 4,70,73,19,808 பைட். டிவிடி+ஆர் கொள்வது 4,70,03,72,992 பைட். இரண்டுக்கும் உறையில் 4.7 ஜிபி என்றே இருக்கும், ஆனால் பிளஸ் டிஸ்க் 69,46,816 பைட் சிறியது. மைனஸ் டிஸ்குக்கு என்று விளிம்புவரை நிரப்பிக் கட்டிய படம் பிளஸ் டிஸ்கில் நுழையாது. ஒரே படம் ஒரு பெட்டியின் டிஸ்கில் எழுதி, இன்னொரு பெட்டியின் டிஸ்கில் மறுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். உபுண்டு 12.10 முதல் டெஸ்க்டாப் படம் சாதாரண சிடியில் அடங்காது. அதற்கு டிவிடிதான்.

டிஸ்கில் இடம் இருந்தும் இந்தப் பிழை வந்தால் ஹார்டு டிஸ்கில் இடமில்லை. பிராசெரோ எழுதும் முன் படத்தை /டெம்ப் அடைவில் கட்டி வைக்கும், டிவிடிக்கு கிட்டத்தட்ட 4.4 ஜிபி தேவை. டிஎஃப் -ஹெச் /டெம்ப் கொடுத்துப் பாருங்கள். ரூட் பகிர்வு சிறியதென்றால் பர்ன் சாளரத்தின் பண்புகளில் தற்காலிகக் கோப்புகளுக்கு ஹோம் அடைவைக் காட்டுங்கள். எஃப்ஏடி32 பகிர்வைக் காட்டாதீர்கள். அங்கே ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, படம் பாதியில் நிற்கும்.

எழுதத் தொடங்கும் முன்பே நிற்கிறது

இனி மூன்று எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். டிரைவ் தரும் ஒவ்வொரு பிழையும் எஸ்கே, ஏஎஸ்சி, ஏஎஸ்சிகியூ என்ற மூன்று பதினாறடிமான எண்களாக வரும். பிராசெரோவில் பிழைப் பெட்டியிலேயே பதிவைச் சேமிக்கும் பொத்தான் இருக்கிறது. சேமித்த கோப்பில் இந்த எண்கள் எங்காவது இருக்கும். எஸ்கே 2 என்றால் டிரைவ் தயாராக இல்லை. 3 என்றால் டிஸ்க் ஊடகத்தில் பிழை. 4 என்றால் டிரைவின் உள்ளே பழுது. 5 என்றால் டிரைவுக்குப் பொருந்தாத கட்டளை, அதாவது டிஸ்குக்கும் எழுதும் முறைக்கும் ஒத்துவரவில்லை. இந்த ஓர் எண்ணே பாதி வேலையை முடித்துவிடும். 5 வந்தால் டிஸ்கை மாற்றாதீர்கள், முறையை மாற்றுங்கள்.

தொடக்கத்திலேயே நிற்கும்போது வழக்கமாக வருவது 3, 73, 03. எழுதும் முன் டிரைவ் டிஸ்கின் உள்விளிம்பில் ஒரு சிறிய பகுதியில் லேசரைப் பல அளவுகளில் பாய்ச்சிச் சோதிக்கும். எந்த அளவில் தடம் நன்றாகப் பதிகிறது என்று பார்த்து அதையே வைத்துக்கொள்ளும். எந்த அளவிலும் சரியாகப் பதியவில்லை என்பதே 73, 03-இன் பொருள். காரணம் மூன்றில் ஒன்று: டிஸ்கின் சாயம் மோசம், லென்ஸில் தூசி, லேசர் பலமிழந்தது. அந்த வரிசையிலேயே சோதியுங்கள். வேறு தயாரிப்பாளரின் டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், வேகத்தைக் குறையுங்கள். அதில் எழுதினால் டிரைவ் நன்றாக இருக்கிறது. பல ஆண்டு வெயிலும் வெப்பமும் பட்ட வெற்று டிஸ்க், உறை பிரிக்காமலே இருந்தாலும், சாயம் கெட்டு இந்தப் பிழையைத்தான் தரும்.

5, 30, 05 வந்தால் டிஸ்க் வகையை டிரைவால் எழுத முடியாது. 2, 3ஏ வந்தால் டிஸ்க் இருப்பதையே அது உணரவில்லை. லென்ஸ் அழுக்காக இருக்கும், அல்லது டிஸ்க் நடுக்குமிழில் சரியாக உட்காரவில்லை.

நடுவில் நிற்கிறது

அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் கட்டம் இதுதான். கணினி தரவை வேகமாக ஊட்டவில்லையா, ஊட்டிய தரவை டிரைவால் டிஸ்கில் பதிக்க முடியவில்லையா? இரண்டுக்கும் ஒரே மாதிரி அறிகுறி, மருந்து முற்றிலும் வேறு. நல்லவேளையாக நிரல்களே விடையைத் திரையில் காட்டுகின்றன.

பிராசெரோவை மூடிவிட்டு டெர்மினலில் இப்படிக் கொடுங்கள்:

குரோஐஎஸ்ஓஎஃப்எஸ் -டிவிடி-காம்பாட் -ஸ்பீடு=4 -இசட் /டெவ்/எஸ்ஆர்0=படம்.ஐஎஸ்ஓ

இசட் மட்டும் பெரிய எழுத்து. எழுதும்போது வரும் ஒவ்வொரு வரியின் வால்பகுதியில் ஆர்பியூ 100.0% யூபியூ 97.3% என்பதுபோல இரண்டு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஆர்பியூ என்பது கணினி நினைவகத்தில் இருக்கும் 32 எம்பி வளைய பஃபர் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது. யூபியூ என்பது டிரைவின் உள்ளேயே இருக்கும் சிறிய பஃபரின் நிறைவு.

ஆர்பியூ சரிந்துகொண்டே வந்தால் ஹார்டு டிஸ்க் மெதுவாகப் படிக்கிறது. கோப்புகளை நேராக எழுதாமல் முதலில் படமாகக் கட்டுங்கள். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடித் தேடிப் படிப்பதைவிட ஒரே பெரிய கோப்பைப் படிப்பது எளிது. நெட்வொர்க்கில் இருக்கும் கோப்பை நேராக எழுதாதீர்கள்.

ஆர்பியூ 100-இல் நின்று யூபியூ மட்டும் சரிந்தால் கேபிள் வழி தரவு போகவில்லை. கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையின் வெளியீட்டில் "கன்ஃபிகர்டு ஃபார்" என்ற வரியைத் தேடுங்கள். யூடிஎம்ஏ/33 என்றோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. பிஐஓ4 என்று இருந்தால் அதுதான் குற்றவாளி. பிஐஓ4-இன் உச்சம் ஏட்டளவில் 16.6 எம்பி, அதுவும் பிராசசரையே சுமக்கவைத்து. டிவிடியின் 1 மடங்கு வேகம் விநாடிக்கு 1.385 எம்பி. 16 மடங்குக்கு 22 எம்பி வேண்டும். பிஐஓவில் அது என்றைக்கும் எட்டாது. பழைய கட்டுரைகள் சொல்லும் ஹெச்டிபார்ம் -டி1 இங்கே வேலை செய்யாது. 10.04 ஐடிஇ டிரைவையும் கர்னலின் லிப்ஏடிஏ என்ற பகுதி வழியாகவே கையாள்கிறது. பயாஸில் அந்த வழித்தடத்துக்கு டிஎம்ஏ (பிராசசரைச் சுமக்கவைக்காமல் தரவை அனுப்பும் முறை) முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், கேபிளை மாற்றுங்கள். டிமெஸ்ஜியில் "லிமிட்டிங் ஸ்பீடு" என்று வந்தால் கர்னல் பிழைகளைப் பார்த்துத் தானாக வேகத்தைக் குறைத்திருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் கேபிளே காரணம். ஹார்டு டிஸ்கும் ரைட்டரும் ஒரே ஐடிஇ கேபிளில் இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச முடியும். வெவ்வேறு கேபிளில் மாட்டுங்கள்.

யூஎஸ்பி டிரைவில் சோதனை வேறு. மாட்டியதும் டிமெஸ்ஜியில் ஹை ஸ்பீடு என்று வர வேண்டும். ஃபுல் ஸ்பீடு என்று வந்தால் அது விநாடிக்கு 12 மெகாபிட், அதாவது 1.5 எம்பிக்கு மேல் ஏட்டளவிலும் போகாது, நடைமுறையில் 1 எம்பி ஒட்டித்தான். டிவிடியின் 1 மடங்குக்கே போதாது. ஹப்பை விட்டு நேராகக் கணினியின் பின்பக்கத் துளையில் மாட்டுங்கள். தனி பவர் இல்லாத மெல்லிய டிரைவ் எழுதும்போது அதிக மின்சாரம் இழுக்கும். யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லிஆம்பியர். இரட்டைத் தலை கேபிள் கொடுத்திருந்தால் இரண்டு தலையையும் மாட்ட வேண்டும். எழுதும் நடுவில் டிரைவே துண்டிக்கப்பட்டதாக டிமெஸ்ஜி சொன்னால் மின்சாரப் பற்றாக்குறைதான்.

இரண்டு பஃபரும் நிறைந்திருந்தும் 3, 0சி, 00 என்று நின்றால் ஊட்டலில் குறையில்லை, பதிவதில்தான் குறை. எத்தனை சதவீதத்தில் நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். 80-க்கு மேல் என்றால் பெரும்பாலும் வேகமும் விளிம்பும். டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. அதிவேக முறையில் வெளிவட்டத்துக்குப் போகப் போக எழுதும் வேகம் கூடும். சாயப் பூச்சு சீரற்றுப் போவதும் விரல் ரேகை படுவதும் விளிம்பில்தான். டிவிடிக்கு 4 அல்லது 8 மடங்கு, சிடிக்கு 16 மடங்கு கொடுத்துப் பாருங்கள். அதற்கும் கீழே போவதில் பயனில்லை. 52 மடங்குக்கென்று செய்த சிடியை 1 மடங்கில் எழுதினால் தரம் கூடாது, பல டிரைவ்கள் அந்த வேகத்தை ஏற்கவும் செய்யாது.

சிடியில் இதே சோதனையை வோடிம் செய்யும். -வி, ஸ்பீடு=16, டிரைவராப்ட்ஸ்=பர்ன்ஃப்ரீ என்று கொடுங்கள். முடிவில் ஃபிஃபோ (கணினி நினைவகத்தில் இருக்கும் பஃபர்) எத்தனை முறை காலியானது, மிகக் குறைந்தது எத்தனை சதவீதம் நிறைந்திருந்தது என்று ஒரு வரி வரும். காலியானது 0 முறை என்றால் கணினியைக் குறை சொல்ல முடியாது. வேக வரியில் 16 மடங்கு என்று கேட்டதற்கு 2822 கேபி என்று வந்தால் கேட்டது கிடைத்திருக்கிறது, வேறு எண் என்றால் டிரைவ் தன் விருப்பப்படி வேகத்தை வைத்துக்கொண்டது.

டிவிடி-ஆர், சிடி-ஆர் இரண்டிலும் லேசரை எரிக்காமல் ஒத்திகை பார்க்கலாம். வோடிமில் -டம்மி. டிவிடி+ஆரில் அந்த வசதி கிடையாது.

மற்றொரு காரணம், கண்ணுக்குத் தெரியாதது: டெஸ்க்டாப் சேவை சில விநாடிக்கொரு முறை "டிஸ்க் இருக்கிறதா" என்று டிரைவைத் தட்டிக்கொண்டே இருக்கும். சில பழைய டிரைவ்கள் எழுதும் நடுவில் இதைத் தாங்காது. இன்னொரு டெர்மினலில் யூடிஸ்க்ஸ் --இன்ஹிபிட்-போலிங் /டெவ்/எஸ்ஆர்0 கொடுத்து அப்படியே திறந்துவைத்துவிட்டு எழுதுங்கள். முடிந்ததும் கன்ட்ரோல்-சி.

எழுதி முடித்தது, சரிபார்ப்பு தோற்றது

நல்ல டிஸ்குகள் குப்பைக்குப் போவது இங்கேதான். சிடியை டிஏஓ முறையில் அல்லாமல், தடம் தடமாக எழுதும் டிராக்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதும்போது, தடத்தின் இறுதியில் டிரைவ் இரண்டு கூடுதல் செக்டார்களை விட்டுவைக்கும். தடத்தின் நீளத்தைக் கேட்டால் அந்த இரண்டையும் சேர்த்தே சொல்லும். ஆனால் அவற்றைப் படிக்க முடியாது. கர்னல் முன்கூட்டியே கொஞ்சம் அதிகம் படித்துவைக்கும் பழக்கமுள்ளது. அது அந்த இரண்டில் மோதி உள்ளீட்டுப் பிழை தரும், சில சமயம் அதற்கு முன்னால் இருக்கும் நல்ல செக்டார்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தரவு முழுதும் டிஸ்கில் இருக்கிறது, ஆனாலும் சரிபார்ப்பு தோல்வி என்று வருகிறது.

சரியான சோதனை, படத்தின் நீளத்துக்கு மட்டும் படித்துப் பார்ப்பது. ஐஎஸ்ஓ கோப்பின் பைட் அளவை 2048-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக 73,40,03,200 பைட் என்றால் 3,58,400. பிறகு:

டிடி ஐஎஃப்=/டெவ்/எஸ்ஆர்0 பிஎஸ்=2048 கவுண்ட்=358400 | எம்டி5சம்

வரும் மதிப்பு ஐஎஸ்ஓ கோப்பின் எம்டி5 மதிப்போடு (கோப்பின் கைரேகை போன்ற சரிபார்ப்பு எண்) ஒத்தால் டிஸ்க் சரி, பிராசெரோ என்ன சொன்னாலும் சரி. சோதிக்கும் முன் டிஸ்கை ஒருமுறை வெளியே எடுத்துவிட்டு மீண்டும் போடுங்கள். எழுதும் முன்பு இருந்த வெற்று அளவையே கர்னல் நினைவில் வைத்திருந்தால் டிஸ்க் காலி என்றே படிக்கும். மடிக்கணினியின் தட்டு தானாக உள்ளே போகாது என்பதால் பிராசெரோ காத்திருந்து காத்திருந்து தோல்வி என்று முடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் தட்டைக் கையால் தள்ளினாலே போதும்.

அடுத்த முறை வோடிமில் -டிஏஓ சேர்த்து எழுதுங்கள், இரண்டு செக்டார் பிரச்சினையே இருக்காது. பின்னால் இன்னும் சேர்த்து எழுத வேண்டிய பல அமர்வு டிஸ்குக்கு டிஏஓ பொருந்தாது. அங்கே ஜெனிஸோஇமேஜ் படத்தின் இறுதியில் இயல்பாகச் சேர்க்கும் 150 வெற்று செக்டார்கள் காப்பாற்றும். அந்தப் பேடு தெரிவை முடக்காதீர்கள்.

டிடியே நடுவில் பிழை தந்தால்தான் டிஸ்க் உண்மையில் கெட்டது. எழுதும் முன்பே பதிவிறக்கிய கோப்பின் எம்டி5 மதிப்பைப் பார்த்துவிடுங்கள். உடைந்த கோப்பை எத்தனை டிஸ்கில் எழுதினாலும் உடைந்தே இருக்கும்.

டிஸ்கில் ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு இருக்கிறது, பூட் ஆகவில்லை

படத்தைத் தரவுத் திட்டத்துக்குள் இழுத்துப் போட்டு எழுதியிருக்கிறீர்கள். கோப்பின் மேல் வலப்பக்கச் சொடுக்கில் "டிஸ்கில் எழுது" என்பதையோ பிராசெரோவில் "படத்தை எழுது" என்பதையோ தேர்ந்தெடுங்கள். டிஸ்கைத் திறந்தால் உள்ளே பல அடைவுகள் தெரிய வேண்டும்.

கோப்பு காணவில்லை, பெயர் வெட்டுப்பட்டது

விண்டோஸில் திறந்தால் நீண்ட பெயர்கள் வெட்டுப்படுவது, விண்டோஸ் படிக்கும் பெயர் முறையான ஜோலியட்டின் வரம்பு, 64 எழுத்து. ஜெனிஸோஇமேஜில் -ஜோலியட்-லாங் கொடுத்தால் 103 வரை போகும். லினக்ஸ் படிக்கும் ராக் ரிட்ஜில் இந்தத் தொல்லை இல்லை. 4 ஜிபியை எட்டும் ஒற்றைக் கோப்பை ஐஎஸ்ஓ 9660-இல் இந்த ஜெனிஸோஇமேஜால் ஒழுங்காக வைக்க முடியாது. -அலவ்-லிமிடெட்-சைஸ் கொடுத்தால் அதே டிஸ்கில் இருக்கும் யூடிஎஃப் என்ற இன்னொரு கோப்பு முறையின் பக்கம் சரியான அளவும் ஐஎஸ்ஓ பக்கம் சுருக்கிய அளவும் பதியும், படிக்கும் கணினி எதை எடுத்துக்கொள்ளும் என்பது அதன் விருப்பம். காப்புப் பிரதிக்கு இதை நம்பக் கூடாது. ஸ்பிளிட் -பி 2000எம் கொடுத்துத் துண்டாக்கி எழுதுவதே பாதுகாப்பு. திரும்பச் சேர்க்க "கேட்" (சி, ஏ, டி) என்ற கட்டளை போதும்.

கணினியில் ஓடுகிறது, டிவிடி பிளேயரில் ஓடவில்லை

வீடியோ டிவிடி என்றால் மேல் அடைவில் விடியோ_டிஎஸ் இருந்து, படத்தை ஜெனிஸோஇமேஜின் -டிவிடி-வீடியோ தெரிவோடு கட்டியிருக்க வேண்டும். டிஸ்க் மூடப்பட்டிருக்க வேண்டும், அதற்கு -டிவிடி-காம்பாட். அதுவும் சரி என்றால் மைனஸ் வகை டிஸ்கில் எழுதிப் பாருங்கள். பழைய பிளேயர்கள் சில பிளஸ் வகையை அடையாளம் காணாது.

சிடி எழுதுகிறது, டிவிடி எழுதவில்லை

டிவிடி ரைட்டரில் லேசர் இரண்டு. சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர். ஒன்று தேய்ந்து மற்றொன்று நன்றாகவே இருக்கலாம். ஆகவே ஒரு வகை மட்டும் தவறுவதை வைத்து டிஸ்கைக் குறை சொல்லும் முன், மூன்று வெவ்வேறு தயாரிப்பு டிஸ்குகளில், ஒவ்வொன்றையும் 4 மடங்கில் எழுதிப் பாருங்கள். மூன்றிலும் 73, 03 அல்லது 0சி, 00 வந்தால் லென்ஸைச் சுத்தம் செய்யுங்கள். முதலில் காற்று பம்ப்பால் தூசியை ஊதுங்கள். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் லென்ஸின் நடுவிலிருந்து வெளியே மெல்ல ஒரு சுற்று. லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குவது, அழுத்தினால் குவியம் போய்விடும். உலர ஐந்து நிமிடம் விட்டு மீண்டும் அதே மூன்று டிஸ்க் வகைகளில் சோதியுங்கள்.

அப்போதும் மூன்றிலும் தவறினால் டிவிடி லேசர் முடிந்தது. சிடி எழுதவும் இரண்டையும் படிக்கவும் அந்த டிரைவை வைத்துக்கொண்டு, எழுத வேறொன்று மாட்டுங்கள். மாட்டும்போது மதர்போர்டில் ஐடிஇ துளையா சாட்டா துளையா என்று பார்த்து வாங்குங்கள். ஐடிஇ என்றால் தனிக் கேபிளில், ஜம்பரை மாஸ்டரில் வைத்து. முதல் டிஸ்கை டெர்மினலில் எழுதி, யூபியூ 90-க்குக் கீழே இறங்குகிறதா என்று முதல் இரண்டு நிமிடம் பார்த்துவிடுங்கள்.